மங்களத்துக்கு முன்னால் பதினைந்து நிமிடம்

யாங்கோனில், நம் பழைய ரங்கூனில், நான் இருந்தது ஐந்து நாள். தங்கப் பகோடாவைச் சுற்றி வந்தேன், ஆற்றைக் கடந்தேன், வகை வகையாகச் சாப்பிட்டேன். ஆனாலும் அந்த ஊரில் என்னதான் செய்தாய் என்று யாராவது நேராகக் கேட்டால், பொறாமைப்பட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். நாற்பத்தேழு வயதில் அப்படி ஒரு காய்ச்சல் வரும் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை.

போனது கச்சேரிக்கு. பசுந்தாங் பகுதியில் ஓர் அம்மன் கோயில் திருவிழா. திருச்சியில் எங்கள் மெல்லிசைக் குழுவில் பதினான்கு பேர். அத்தனை பேருக்கும் விமான டிக்கெட் எடுக்கக் கோயில் கமிட்டியால் ஆகாது. கீபோர்டும் வாசித்துப் பாட்டும் பாடுகிற ஒருவர் வந்தால் போதும் என்று எழுதியிருந்தார்கள். தபலா, டோலக், டிரம்ஸ் எல்லாவற்றையும் கீபோர்டுக்குள் பதிந்து வைத்துக்கொண்டு கிளம்பினேன். ஒரு பொத்தானை அமுக்கினால் மற்ற பதின்மூன்று பேரும் உள்ளேயிருந்து வாசிப்பார்கள்.

விமான நிலையத்திலிருந்து வந்த டாக்சியில் என் காலடியில் தரை இல்லை. உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை, அதன் வழியே சாலை ஓடுவது தெரிந்தது. கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு, யோகாசனம் செய்பவன் போல ஊருக்குள் நுழைந்தேன். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். நம் ஊரில் என்றால் ஓட்டையின் மேல் ஒரு கோணியாவது போட்டிருப்பார்கள்.

பபேடான் பகுதியில் ஒரு விடுதியின் நாலாவது மாடியில் அறை. லிஃப்ட் கிடையாது. கீழே தெரு முழுக்க நம்மவர்கள்தான். கீழக்கரை வழி வந்த ராவுத்தர் குடைக்கடை, அதற்கு எதிரே பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுப் பட்டாணியோடு தருகிற தேநீர்க்கடை, நாலடி தள்ளிப் பள்ளிவாசல், அதற்கும் பின்னால் ஒரு பிள்ளையார். சென்னையில் பர்மா பஜார் பக்கம் நின்றுகொண்டே அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் சாப்பிட்டுப் பழகியவன் என்ற தெம்பில் அங்கேயும் அத்தோ கேட்டேன். கடைக்காரர் என்ன வகை என்று திருப்பிக் கேட்டார். அங்கே அதில் இருபது வகை இருக்கிறதாம்.

கோயில் கமிட்டித் தலைவர் பெயர் ஊ மாணிக்கம். ஊ என்பது அங்கே பெரியவர்கள் பெயருக்கு முன்னால் போடுகிற மரியாதை. கட்டம் போட்ட கைலியும் பட்டை விபூதியுமாக விடுதிக்கு வந்தார். பாட்டுக்காரன் என்பதால் என்னைச் சையா என்று அழைத்தார், வாத்தியார் என்ற பொருளில்.

“சையா, சினிமாப் பாட்டு எத்தினி வேணா பாடுங்க. கடைசியில மங்களம் மட்டும் விட்டுறாதீங்க. மங்களம் பாடிட்டா அப்புறம் இந்தக் கோயில்ல ஒரு சத்தம் வரக் கூடாது. எங்கப்பா காலத்துலருந்து அப்படித்தான்.”

அவரோடு வந்த பெண் மா சாந்தி. மா என்பது இளம்பெண்கள் பெயருக்கு முன்னால் போடுவது. ஜப்பானியப் பயணிகளுக்கு வழிகாட்டியாக வேலை. இருபத்தாறு வயது இருக்கும். பர்மியம் தண்ணீராக ஓடும், ஜப்பானியம் நன்றாக வரும், தமிழ் கொஞ்சம் யோசித்துத்தான் வரும். கோயிலில் இளைஞர்களுக்குப் பஜனை சொல்லிக்கொடுப்பதும் அவள்தான். அந்தப் பிள்ளைகள் தமிழ்ப் பாட்டைப் பர்மிய எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடினார்கள்.

“அண்ணே, ஒண்ணு கேக்கணும். இந்த விடுதியிலயே ஒக்கினாவாக்காரங்க ரெண்டு பேரு இருக்காங்க, புருஷன் பொண்டாட்டி. நான் ஜப்பான் பாஷை படிச்ச ஸ்கூலு விழாவுக்கு வந்தவங்க. உங்க கச்சேரியில, மங்களத்துக்கு முன்னால, பதினஞ்சு நிமிஷம் அவங்க பாடணும். கவர்மெண்ட்டுல பர்மிஷன் வாங்கவே ரெண்டு மாசம் நடந்தேன். நம்ம பிள்ளைங்க பழைய பாட்டுன்னா வெக்கப்படுதுங்க. இவங்களைப் பாத்தா மாறுமுன்னு நெனைக்கிறேன்.”

பாடட்டுமே என்று பெரிய மனதோடு சொன்னேன். கிமோனோ கட்டிக்கொண்டு ஒரு பாட்டு, ஒரு வணக்கம், அவ்வளவுதானே இருக்கும் என்று நினைத்தேன்.

இரண்டாம் நாள் காலையில் வாழைத்தண்டு போட்ட மீன்சாற்றில் அரிசிச் சேமியாவை ஊற வைத்துத் தரும் மொகிங்கா. மத்தியானம் பகோடா. வெறுங்காலோடு வெயிலில் அந்தப் பளிங்குத் தரையைச் சுற்றி வந்ததில் உள்ளங்கால் வெந்தது. சாயங்காலம் காற்று வாங்க விடுதியின் மொட்டை மாடிக்கு ஏறினேன். அங்கேதான் அவர்கள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கின்ஜோவுக்கு முப்பது வயதிருக்கும். கையில் மூன்று தந்தி வாத்தியம். சன்ஷின் என்று பெயர். நீளக் கழுத்து, சின்ன வயிறு, வயிற்றின் மேல் இழுத்துக் கட்டிய மலைப்பாம்புத் தோல். அதிலிருந்து ஒயர் இறங்கி ஒரு சின்ன ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் போனது. அவர் மனைவி யூமி எலெக்ட்ரிக் கிட்டார் வைத்திருந்தாள். பாட்டோ அவர்கள் தீவில் அறுவடைக்குப் பாடுகிற பழைய பாட்டு. ராக் கிட்டார் கீழே உறும, மேலே அந்தப் பழைய மெட்டு எந்தக் கூச்சமும் இல்லாமல் நடந்து போனது. ஒன்று இன்னொன்றுக்காக விட்டுக்கொடுத்த மாதிரியே தெரியவில்லை.

எனக்கு வயிறு பற்றி எரிந்தது. காரணம் இருக்கிறது. இருபத்தாறு வயதில் நான் இதைத்தான் செய்தேன். ஒரு நாதஸ்வரம், ஒரு பறை, ஒரு கிட்டார், ஒரு டிரம்ஸ். நடவுப் பாட்டும் கும்மியும் எடுத்துப் பதினோரு பாட்டு தயார் செய்தோம். மொத்தம் மூன்று மேடை. மூன்றாவது ஒரு கல்யாணம். நாலாவது பாட்டில் பெண்ணின் அப்பா மேடைக்கு ஏறி வந்து, “தம்பி, சினிமாப் பாட்டு எதுவும் தெரியாதா?” என்று கேட்டார். தெரியும் என்று சொன்னேன். அன்றிலிருந்து அதைத்தான் பாடிக்கொண்டிருக்கிறேன்.

சாந்தி நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்க்க, கின்ஜோ பேசினார். முதலில் சொன்னது, நாங்கள் ஜப்பான்காரர்கள் என்று சொல்லாதீர்கள், ஒக்கினாவா என்று சொல்லுங்கள் என்பது. தெற்கே தனி ராஜ்யமாக இருந்த தீவுகளாம். யுத்தத்துக்குப் பிறகு அமெரிக்கப் பட்டாளம் வந்து உட்கார்ந்தது, ராக் இசையும் கூடவே வந்தது.

“பள்ளிக்கூட வயதில் சன்ஷினைத் தொடவே வெட்கம். ராக் மட்டும்தான்” என்றார். “பிறகு எங்கள் குழுவின் டிரம்ஸ்காரன் ஒரு நாள் விளையாட்டாகத் திருவிழா மேளத்தின் தாளத்தை ராக் பாட்டுக்கு நடுவே அடித்தான். கூட்டம் கத்தியது. அடுத்த வாரமே போய் ஒரு சன்ஷின் வாங்கினேன்.”

முன்னோரைக் கும்பிடும் மாதத்தில் அங்கே வாலிபர்கள் மேளம் கட்டி வீடு வீடாக ஆடிப்போவார்களாம். அதே மேளத்தைத்தான் இப்போது ஒலித்தட்டிலும் போடுகிறார்களாம். கல்யாணமோ கச்சேரியோ, முடிவில் ஒரு வேகப் பாட்டு வருமாம். அதற்கு உட்கார்ந்திருப்பவர் எல்லோரும் எழுந்து, கையைத் தலைக்கு மேல் தூக்கி, மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி ஆட வேண்டுமாம். கச்சாஷி என்று பெயர். முடிவுப் பாட்டுக்கு எழுந்திருக்காதவனை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்களாம். பாடுகிற தீவு மொழி தனக்கே பாதிதான் புரியும் என்று கின்ஜோ சிரித்துக்கொண்டே சொன்னார்.

“சினிமாப் பாட்டு பாடு என்று யாரும் கேட்க மாட்டார்களா?” என்றேன்.

சாந்தி அதை மொழிபெயர்த்ததும் இரண்டு பேரும் விழித்தார்கள். “சினிமாக்காரர்கள்தான் எங்கள் பாட்டைக் கேட்டு வாங்கிப் போவார்கள்” என்றாள் யூமி. அதற்கு மேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. யூமி இரண்டு இடத்தில் சுருதி பிசகியதைக் கணக்கு வைத்திருந்தேன். படியிறங்கும்போது அதை நினைத்து ஆறுதல் பட்டுக்கொண்டேன்.

மூன்றாம் நாள் சாந்தி எங்கள் மூவரையும் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற டாலாவுக்கு அழைத்துப் போனாள். படகுத்துறைவரை பஸ். அங்கே ஓடுகிற பஸ்ஸெல்லாம் ஜப்பானில் ஓடிக் களைத்தவை. வண்டி சாலையின் வலது பக்கம் போகிறது, வாசலோ இடது பக்கம். இறங்கினால் நட்டநடுச் சாலையில்தான் இறங்க வேண்டும். உள்ளே ஜப்பானிய எழுத்தை அழிக்கவில்லை. முன் வாசலில் முண்டியடித்து ஏறிக்கொண்டிருந்த கூட்டத்துக்கு நடுவே கின்ஜோ அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். பின் வாசலில் ஏறவும் என்று எழுதியிருந்ததாம். மொத்த பஸ்ஸும் அவரோடு சேர்ந்து சிரித்தது. நான் ஏறும்போது என் செருப்பு அறுந்தது, அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

ஆற்றைக் கடந்தால் நகரமே இல்லாத மாதிரி ஆகிவிடுகிறது. வயல், கீற்று வீடுகள், மண் சாலை. சைக்கிளோடு பக்கவாட்டில் ஒரு சின்னப் பெட்டியைக் கோத்து ஓட்டுகிற சைக்காவில் இரண்டு பேர் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார வேண்டும். கின்ஜோவுக்கு முன் பார்த்த இடம், எனக்குப் பின் பார்த்த இடம். அவர் ஊரைப் பார்த்துக்கொண்டு வந்தார், நான் கடந்து போன சாலையையே பார்த்துக்கொண்டு வந்தேன். பாதி வழியில் செயின் கழன்று சேற்றில் விழுந்தது.

ஓட்டுகிறவர் அதை எடுத்து மாட்டுவதற்குள் கின்ஜோ பக்கத்துத் தேநீர்க்கடையில் உட்கார்ந்து சன்ஷினை எடுத்துவிட்டார். ஒயரும் இல்லை, பெட்டியும் இல்லை. வயலிலிருந்து கரையேறிய பெண்கள் தலையில் கட்டோடு நின்று கேட்டார்கள். அதில் இரண்டு பேர் தமிழ் பேசினார்கள். கடைக்காரம்மா கின்ஜோவுக்கு இரண்டாவது கோப்பை தேநீரும் வெல்லக்கட்டியும் வைத்தார். எனக்கு முதல் கோப்பையே வரவில்லை.

அப்போது கின்ஜோ என் பக்கம் திரும்பி என்னவோ கேட்டார்.

“உங்க ஊரு மண்ணுப் பாட்டு ஒண்ணு பாடச் சொல்றாங்கண்ணே. அவுங்க கூட வாசிப்பாங்களாம்” என்றாள் சாந்தி.

“எங்க ஊர்ல அப்படி ஒண்ணும் இல்லம்மா” என்றேன். பச்சைப் பொய். பதினோரு பாட்டும் எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. அந்த வாத்தியத்தின் பக்கத்தில் அவற்றை வைத்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

நாலாம் நாள் திருவிழா. மாலை நாலு மணிக்குக் கச்சேரி ஆரம்பித்தது. தகரக் கூரை போட்ட கூடம் நிறைந்திருந்தது. முன் வரிசைப் பெரியவர்கள் பழைய பாட்டுக்குத் தலையாட்டினார்கள், ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பின்னால் சுவரில் சாய்ந்திருந்த இளைஞர் கூட்டம் பர்மியத்தில் கதை பேசியது. மேடைக்குக் கீழே இடப்பக்கம் கின்ஜோவும் யூமியும் உட்கார்ந்திருந்தார்கள். கின்ஜோ நீலக் கட்டம் போட்ட கைலி வாங்கிக் கட்டியிருந்தார், எனக்கு நிற்பதைவிட அவருக்கு நன்றாகவே நின்றது. பாட்டுக்குப் பாட்டு பின்சுவரிலிருந்து இரண்டு மூன்று பேர் கழன்று அவர்கள் பக்கம் போய் உட்கார்ந்தார்கள். நான் மேடையிலிருந்து அதையும் எண்ணிக்கொண்டே பாடினேன்.

ஆறு மணி வாக்கில், ஒரு டூயட்டின் நடுவே, கரண்டு போனது.

“மீ போயிடுச்சு, மீ போயிடுச்சு!” என்று கூடம் முழுக்கக் குரல். மீ என்றால் அங்கே கரண்டு, தினமும் போகிற விருந்தாளி. மின்விசிறி நின்றது. கீபோர்டு செத்தது, உள்ளே இருந்த பதின்மூன்று பேரும் ஒரே நேரத்தில் செத்தார்கள். கொல்லையில் இரண்டு பேர் ஜெனரேட்டரின் கயிற்றை இழுப்பதும் அது இருமுவதும் கேட்டது. ஜன்னல் வழியாகக் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. பொத்தானில்லாத நான் அதில் நின்றுகொண்டிருந்தேன்.

ஊ மாணிக்கம் எழுந்தார். “ஏம்மா சாந்தி, அவங்க வாத்தியத்துக்கு மீ வேணாமே. வரச் சொல்லு, இப்பவே பாடட்டும்.”

சாந்தியின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். யூமி கிட்டாரை வைத்துவிட்டு, கூடவே கொண்டுவந்திருந்த சின்ன மேளத்தை எடுத்தாள். கின்ஜோ சன்ஷினோடு வந்து மேடையின் முதல் படியில் கால் வைத்தார். பின்னாலிருந்து ஒரு நீளமான விசில். அந்த விசில் இருபது வருடத்துக்கு முன்னால் எனக்கு வந்திருக்க வேண்டியது. அப்போது எனக்குத் தோன்றியது அது ஒன்றுதான்.

மங்களத்தை எடுத்தேன்.

எங்கள் தெருப் பஜனை மடத்தில் பாடுகிற நாலடி மங்களம். கைதட்டுத் தாளம். மைக் இல்லாமல் அடிவயிற்றிலிருந்து எடுத்தேன். ஊ மாணிக்கத்தின் கை தானாகக் குவிந்தது. முன் வரிசையில் சிலர் செருப்பைத் தேடினார்கள். கின்ஜோ படியிலேயே நின்று, திரும்பிச் சாந்தியிடம் கேட்டார். அவள் என்னைப் பார்த்தபடியே ஒரே ஒரு வரி பதில் சொன்னாள். முடிவுப் பாட்டு என்று சொல்லியிருப்பாள். அவர் உடனே காலைக் கீழே எடுத்தார். எனக்குக் குனிந்து வணக்கம் சொன்னார். சன்ஷினைப் பெட்டியில் வைத்து மூடினார்.

மூடிவிட்டு, கூட்டத்தின் பக்கம் திரும்பிக் கையைத் தலைக்கு மேல் தூக்கினார். யூமியும் தூக்கினாள். முடிவுப் பாட்டு என்றால் எழுந்து ஆட வேண்டியது அவர்கள் மரபு, எழாமல் இருந்தால் பாடுகிறவனுக்கு அவமரியாதை. மங்களத்தின் தாளத்துக்கு இரண்டு பேரும் மணிக்கட்டைத் திருப்பி ஆட, பக்கத்தில் இருந்த இளைஞர்கள் எழுந்தார்கள். பிறகு பின்சுவர் எழுந்தது. பிறகு கண்ணைத் துடைத்த அம்மாளும் எழுந்தார். ஊ மாணிக்கம் குவித்த கையை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார், அப்புறம் அதையே தட்ட ஆரம்பித்தார்.

நாலு அடியை ஏழு தடவை பாடினேன். நிறுத்த முடியவில்லை, நிறுத்தவும் மனமில்லை. என் தொண்டைக்கு ஒரு கூடம் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை. ஆனால் அந்தக் கண்களெல்லாம் ஒக்கினாவாக்காரர்களின் கைகள் மேல் இருந்தன. ஆறாவது தடவை பாடும்போது அதையும் பார்த்துவிட்டேன்.

முடித்த சற்றைக்கெல்லாம் கரண்டு வந்தது. கீபோர்டு பளிச்சென்று விழித்துக்கொண்டது. இளைஞர்கள் கின்ஜோவைச் சூழ்ந்துகொண்டு பாடச் சொன்னார்கள்.

“ஒரே ஒரு பாட்டு ஊலே” என்று சாந்தி பெரியவரிடம் கெஞ்சினாள். ஊலே என்றால் அங்கே மாமா. “அவங்க ஃப்ளைட்டு காலையில போயிடும்.”

“மங்களம் பாடியாச்சேம்மா. சையா தெரியாமலா பாடுவாரு? நேரம் பாத்துத்தான் பாடியிருப்பாரு.”

அவள் மறுபடி என்னைப் பார்த்தாள். நான் கீபோர்டு ஒயரை மிகவும் அக்கறையாகச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் காலை, விடுதி வாசலில் அவர்களுக்காக டாக்சி நின்றது. கின்ஜோ என் கையைப் பிடித்துக்கொண்டு பேச, சாந்தி வரி வரியாகச் சொன்னாள்.

“எங்க ஊருல ஜனங்களை எழுப்பறதுக்கு ராத்திரி முழுக்கப் பாடணும். நீங்க கரண்டு இல்லாம, வாத்தியம் இல்லாம, வெறும் குரல்லயே எழுப்பிட்டீங்க. இவ்வளவு பழைய பாட்டைக் கையில வச்சிருக்கீங்களே, எங்களுக்குப் பொறாமையா இருக்கு அப்படீங்கறாங்க.”

அந்தச் சொல்லைக் கேட்டதும் என்னால் தாங்க முடியவில்லை. கண் நிறைந்துவிட்டது.

“சாந்தி, நான் சொல்றதை அப்படியே சொல்லும்மா. இவங்க பாடக் கூடாதுன்னுதான் நான் மங்களத்தை எடுத்தேன். நேரம் பாத்தெல்லாம் இல்ல. வேணும்னே. எனக்கு வந்த நாள்லேருந்து இவங்க மேல பொறாமை.”

அவள் அவர்கள் பக்கம் திரும்பி ஜப்பானியத்தில் நீளமாகவே சொன்னாள். இருவரும் கவனமாகக் கேட்டார்கள். யூமி நெஞ்சில் கை வைத்துக் குனிந்தாள். கின்ஜோ என் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்து அழுத்தினார், அவர் கண்ணும் கலங்கியிருந்தது. எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்தேன். அதற்கும் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. அவர்கள் பெட்டிகளோடு பின் சீட்டில் ஏறிக்கொண்டார்கள்.

“கோவமே படலியே சாந்தி. என்ன சொன்னாங்க?”

“நீங்க சொன்னதை நான் சொல்லலண்ணே. அவங்களைப் பிரிய உங்களுக்கு மனசு வரலன்னு சொன்னேன்.”

“ஏம்மா?”

முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு அவள் தமிழில் தேடித் தேடிச் சொன்னாள். “எனக்கு நேத்தே தெரியும். மீ போனப்ப உங்க மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். ரெண்டு மாசம் நடந்தவ நான். எனக்கு நீங்க எதுவும் சொல்லலியே? நீங்க லேசாவறதுக்கு அவங்க ஏன் பாரமா போகணும்? இதை நீங்களே வச்சுக்குங்க.”

ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். டாக்சி கிளம்பியது.